கூட யாரு?

கூட யாரு வந்திருக்கா என்று சிஸ்டர் கேட்டது இது மூன்றாவது தடவை. மூன்று தடவையும் அவள் சம்பந்தத்தின் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை, அவன் தோளுக்குப் பின்னால் ஓரடி தள்ளி, அங்கே நின்றிருக்க வேண்டிய யாரோ ஒருவரைத் தேடுகிற பார்வையோடுதான் கேட்டாள், அவனும் ஒரு தடவை அசட்டுத்தனமாகத் திரும்பிப் பார்த்துவிட்டான். பின்னால் சுவர்தான். சுவரில் அமைதி காக்கவும் என்று நீலத்தில் எழுதியிருந்தது, சுவருக்கு அந்தப் பக்கம் புதுக் கட்டடத்துக்காகப் பாறையை உடைக்கிற யந்திரம் காலை எட்டு மணியிலிருந்து தொண்டை கட்டாமல் கத்திக்கொண்டிருந்தது. யாரும் வரவில்லை, நான்தான் நோயாளி, என்னிடமே சொல்லலாம், நான் படித்தவன்தான் என்று அவன் சொன்னான். கடைசியில் சொன்னதைச் சொல்லியிருக்க வேண்டாம், சிஸ்டரின் புருவம் லேசாக ஏறி இறங்கியது, படிச்சவங்கதான் சார் பொத்துனு விழறாங்க, போன வாரம் ஒரு பேங்க் மேனேஜர் இதோ இந்த இடத்துலதான் விழுந்தார், ரெண்டு பல்லு போச்சு, நான்தான் எழுதிக் குடுக்க வேண்டியதாப் போச்சு என்றாள். ரிசல்ட் வந்துவிட்டது, ஆனால் டாக்டரம்மா உட்கார்ந்து பேச வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள், கூட ஒரு ஆள் இல்லாமல் உள்ளே விடுவதற்கில்லை, பன்னிரண்டு மணிக்கு டாக்டரம்மா ஆபரேஷன் தியேட்டருக்குப் போய்விடுவார்கள், அதற்குள் யாரையாவது வரச் சொன்னால் இன்றைக்கு, இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை. இவ்வளவையும் அவள் ஒரே மூச்சில், கட்டுத் துணி நாடாவால் ஃபைல்களை இறுக்கிக் கட்டிக்கொண்டே சொன்னாள். அவனுடைய ஃபைலும் அங்கேதான் இருந்தது. பழுப்பு அட்டை, அதன் மேல் தி. திருஞானசம்பந்தம், 48, ஆண், அவன் விரல் நுனியிலிருந்து ஒன்றரை அடி தூரத்தில். பத்து நாளைக்கு முன்னால் அவன் இடது தாடைக்குக் கீழே நெல்லிக்காய் அளவுக்கு இருந்த கட்டியில் ஊசியைக் குத்தி உறிஞ்சி எடுத்தது என்ன, அது புற்றா இல்லையா என்பது அந்த அட்டைக்குள் இரண்டாக மடித்த ஒரு தாளில் இருந்தது, அவன் கழுத்தில் இருந்ததைப் பற்றிய செய்தி அவனைத் தவிர இந்தக் கட்டடத்தில் குறைந்தது மூன்று பேருக்குத் தெரிந்திருந்தது.

பெஞ்சுக்குத் திரும்பி வந்தான். பெஞ்சு என்றால் மூன்று இரும்பு நாற்காலிகள் ஒரே தண்டில் கோத்தது, நடு நாற்காலி எங்கோ போய்விட்டிருந்தது, அது இருந்த இடத்தில் இரண்டு போல்ட்டுகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன, அந்தப் பக்கத்து நாற்காலியில் காலையிலிருந்தே ஒரு அம்மாள், புடவைக்கு மேல் அரக்கு நிறக் கோட்டுப் போட்ட, ஏதோ அடுக்குமாடிக் குடியிருப்பில் கூட்டிப் பெருக்குகிறவள் போலிருந்தவள், மடியில் ஃபிளாஸ்க்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கால் எங்கே வைப்பது என்று ஒவ்வொரு தடவையும் யோசிக்க வேண்டியிருந்தது. சரி, நிதானமாகப் பார்ப்போம். அவனுக்கு முன்னால் உள்ளே போனவர்கள் எத்தனை பேர், எட்டு. அதில் காது வலிக்காரரைத் தனியாகத்தான் விட்டார்கள். முதுகில் கொழுப்புக் கட்டி என்று சொல்லிக்கொண்டிருந்த லாரி டிரைவர் தனியாகப் போய், தனியாக வந்து, ஒண்ணுமில்லையாம் என்று வாசலில் நின்ற முழுக் கூட்டத்துக்கும் அறிவித்துவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு போனான். அவனிடம் கூட யாரு என்று கேட்டார்களா? கேட்கவில்லை. கேட்கவில்லை என்றால் ஒன்றுமில்லாதவர்களிடம் கேட்பதில்லை. கேட்டால் இருக்கிறது. அப்படியானால் சிஸ்டர் ஏற்கெனவே சொல்லிவிட்டாள், விதிமுறையைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டாள், இனி டாக்டரம்மா சொல்வதற்கு என்ன இருக்கிறது. இல்லை, இரு. கழுத்து வீங்கிய அந்தக் கல்லூரிப் பெண்ணிடமும் கேட்டாள். அவள் அப்பா பின்னாலேயே நின்றார், இருவரும் உள்ளே போய்ச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். அவர்கள் சிரித்தார்களா? அப்பா சிரித்தார். பெண் சிரித்த மாதிரி ஞாபகம் இல்லை. அப்பா சிரித்ததை வைத்து என்ன முடிவுக்கு வருவது, அப்பாக்கள் எதற்கு வேண்டுமானாலும் சிரிப்பார்கள். ஆக இது கழுத்துக்காரர்களுக்கான விதியாக இருக்கலாம். அல்லது சாம்பிள் எடுத்தவர்களுக்கான விதி. லாரி டிரைவருக்குச் சாம்பிள் எடுத்தார்களா? எழுந்து போய் அவனைத் தேடிக் கேட்டால் என்ன, இந்நேரம் பைபாஸைத் தாண்டியிருப்பான். பதினெட்டு வருஷம் இங்கிலாந்தில் ஒரு நகரத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்கிக் கொடுக்கிற பிரிவில் வேலை பார்த்தவன் அவன், யார் எப்போது எந்தக் கதவு வழியாக எந்த அறைக்குள் போக வேண்டும் என்பதைப் கட்டம் கட்டமாகப் படம் போட்டவன், இங்கே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற சிஸ்டரின் மனசில் இருக்கிற விதியைக் கண்டுபிடிக்க லாரி டிரைவரைத் துரத்திக்கொண்டு ஓட நினைக்கிறான்.

படம் போடவும் ஆரம்பித்துவிட்டான், அதுதான் எரிச்சல், மூளை அதுபாட்டுக்கு வேலை செய்தது. ஓ.பி. சீட்டு வாங்குகிற வரிசையும் மருந்து வாங்குகிற வரிசையும் ஒரே தூணைச் சுற்றிக்கொண்டு எதிரெதிராகப் போகின்றன, அந்தத் தூணை அடைகிறபோது யாருக்கும் தான் எந்த வரிசை என்று தெரிவதில்லை. பதினாலாம் நம்பர் அறை என்று எழுதியிருப்பதற்கு அடியில் பழைய ஒன்பது இன்னும் தெரிகிறது, ஒன்பதாம் நம்பர் சீட்டோடு பல் வலிக்காரர்கள் அரைமணிக்கு ஒருவர் வந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், பல்லு மாடிக்குப் போயிருச்சு என்று காவலுக்கு நிற்கிற பெண் அத்தனை பேருக்கும் சொல்கிறாள், அந்த ஒன்பதை அழிக்க ஒரு கை சுண்ணாம்பு போதும், அது யாருக்கும் தோன்றவில்லை, தோன்றியிருந்தாலும் அது யாருடைய வேலை என்பதில் நின்றுபோயிருக்கும். முப்பது கிராமத்துக்கென்று அறுபது கட்டிலோடு கட்டிய ஆஸ்பத்திரி. இப்போது சுற்றிலும் பதினாறு மாடி, இருபது மாடி, ஏரி இருந்த இடமெல்லாம் ஏரி என்று பெயர் வைத்த குடியிருப்புகள், ஒரு தெருவில் இருப்பவர்கள் மட்டுமே பழைய கிராமம் ஒன்றின் அளவு, அவர்களுக்கும் காய்ச்சல் வருகிறது, கட்டி வருகிறது. அந்தக் குடியிருப்புக்காரர்கள் யாரும் இங்கே வருவதில்லை என்பது வேறு விஷயம், வருகிற ஒரே ஆள் அவனாகத்தான் இருப்பான். அவன் வந்தது வீம்புக்கு. ஊரான் ஊரில் பதினெட்டு வருஷம் அரசாங்க ஆஸ்பத்திரிதான் மேல் என்று எல்லோரிடமும் வாதாடியவன் சொந்த ஊரில் கண்ணாடிக் கதவு தானாகத் திறக்கிற இடத்துக்குப் போவதா என்கிற வீம்பு. தவிர இந்த டாக்டரம்மாவின் கை நல்ல கை என்று அவன் விசாரித்த எல்லோருமே சொன்னார்கள். கை நல்ல கைதான், ஊசி குத்தியதே தெரியவில்லை. வாய் மட்டும் கூட ஒரு ஆள் இருந்தால்தான் திறக்கும்.

கூட. இந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மனசு விட மாட்டேன் என்கிறது. கூட என்றால் உடன். உப்பு கொஞ்சம் கூட என்றால் அதிகம். ஒருத்தர்கூட இல்லை என்றால் அங்கே அந்தக் கூட என்ன வேலை செய்கிறது, ஒருத்தர் இல்லை என்றாலே போதுமே, இல்லாத அந்த ஒருத்தரைக் கையைப் பிடித்துக் கொண்டுவந்து நம் முன்னால் நிறுத்திக் காட்டிவிட்டு அப்புறம் இல்லை என்கிறதே. கூட யாரும் இல்லை, யாரும் கூட இல்லை, எப்படிப் போட்டாலும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறது. அங்கே இருந்தபோது வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு படிவம் வரும், உங்களுக்கு ஏதாவது நேர்ந்தால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று, விவாகரத்து ஆகும்வரை வனிதாவின் பெயரை எழுதினான், ஆனதற்குப் பிறகும் இரண்டு வருஷம் பழக்க தோஷத்தில் அவள் பெயரையே எழுதினான், அப்புறம் அம்மாவின் பெயர், எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிற, தொலைபேசியில் இங்கிலீஷ் கேட்டால் ராங் நம்பர் என்று வைத்துவிடுகிற அம்மா. ஆனால் அது படிவம். காலியாக விட்டால்கூட யாரும் உன் தோளுக்குப் பின்னால் பார்க்க மாட்டார்கள். அங்கே எதையும் உன்னிடம்தான் சொல்வார்கள், உன்னிடம் மட்டும்தான் சொல்வார்கள், கதவைச் சாத்திவிட்டு, காகிதக் கைக்குட்டைப் பெட்டியை உன் பக்கம் நகர்த்திவிட்டு. அந்தப் பெட்டி நகர்கிற சத்தம் கேட்டதுமே தெரிந்துவிடும் என்று அங்கே நோயாளிகள் சொல்லிக் கேட்டிருக்கிறான். அதுவும் ஒரு லட்சணம்தான். ஆனால் நேரடியான லட்சணம், ஒரு மனுஷனுக்கு அவன் உடம்பைப் பற்றிச் சொல்வதற்கு இன்னொரு மனுஷனின் சிபாரிசு தேவையில்லை.

மணி பதினொன்று பத்து. யாரைக் கூப்பிடுவது என்று யோசிப்பதாக இல்லை, ஆனால் கைபேசி கையில்தான் இருந்தது. தங்கை கோயம்புத்தூரில், மங்கையர்க்கரசி, சொன்னால் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவாள், வருவதற்கு ஏழெட்டு மணி நேரம் ஆகும், அந்த ஏழெட்டு மணி நேரமும் பஸ்ஸில் இருந்தபடியே அழுவாள், பக்கத்து இருக்கைக்காரருக்கு முழு விவரமும் போய்விடும், அம்மா விஷயத்தையும் நீ எனக்கு முன்னாடியே சொல்லலை என்று ஆரம்பித்தால் செங்கல்பட்டு வரைக்கும் நிறுத்த மாட்டாள். அம்மாவுக்காகத்தான் அவன் திரும்பி வந்தான், வந்து ஏழு மாசத்தில் அம்மா போய்ச் சேர்ந்தாள், ஏன் இன்னும் இங்கே இருக்கிறாய் என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு பதில்கூட, பார், மறுபடியும் அந்தக் கூட. மகளுக்குப் பத்தொன்பது வயசு, அங்கே இப்போது விடியற்காலம், தூங்குவாள். கல்லூரித் தோழன் வரதன் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறான், வந்துவிடுவான், வந்து தோளில் கை போட்டு நிற்பான், டாக்டரம்மாவிடம் தன் விசிட்டிங் கார்டைக் கொடுப்பான், சாயங்காலத்துக்குள் வாட்ஸப் குழுவில் நூற்று நாற்பது பேர் கை கூப்பிக்கொண்டிருப்பார்கள், அந்தக் கூப்பிய கைகளை நினைத்தாலே அவனுக்குக் கட்டி இருக்கிற இடத்தில் விண்ணென்றது. விண்ணென்றதா? கட்டி வலிக்காது என்றல்லவா படித்தான், வலிக்காத கட்டிதான் ஆபத்து என்று, அப்படியானால் வலித்தால் நல்லது, அழுத்திப் பார்த்தான், வலித்த மாதிரி இருந்தது, இவ்வளவு அழுத்தினால் எதுதான் வலிக்காது. வீட்டுக் காவலாளியைக் கூப்பிடலாமா, மிசோரம்காரன், டாக்டரம்மா சொல்வது அவனுக்குப் புரியாது, புரியாத ஆள்தானே உத்தமம். சிரிப்பு வந்தது, சிரித்தபோது பெருமூச்சாகத்தான் வெளியே வந்தது.

“இன்னா சார் நீ,” என்றாள் அரக்குக் கோட்டு அம்மாள், “நீ மூச்சு வுடறதப் பாத்து எனக்கு மூச்சு வாங்குது.”

நீ என்றும் சார் என்றும் ஒரே வாக்கியத்தில் ஒருத்தரை வைக்க இந்த ஊரில்தான் முடியும். அவள் பெயர் பூங்காவனம், புருஷன் எத்திராஜுக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆகி ஆண்கள் வார்டில் கிடக்கிறார், இன்றைக்கு அனுப்பிவிடுவார்கள், டாக்டரம்மா கையெழுத்துக்காகத்தான் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறாள், இதையெல்லாம் அவன் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள். அவன் சிஸ்டரிடம் மூன்று தடவை போய் வந்ததையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். உன் பேர் இன்னா என்று கேட்டாள். சொன்னான். பேரைச் சம்பந்தம்னு வச்சிக்கினு கூட ஒரு சம்பந்தமும் இல்லாம வந்து குந்திக்கினு இருக்கியே சார் என்றாள், அதைச் சிரிக்காமல் சொன்னாள், பிறகு ஃபிளாஸ்க்கை இடுக்கிக்கொண்டு எழுந்தாள். வா, நான் வர்றேன், அக்கான்னு சொல்லிக்கறேன்.

வேண்டாம் என்றுதான் அவன் சொன்னான், அல்லது சொல்ல நினைத்து இல்ல, அது வந்து, என்ற அளவில் நின்றான். பதினெட்டு வருஷம் அவன் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையின் பின்பக்கத்தில் அச்சடித்திருந்த முதல் விதியே நோயாளியின் விஷயம் நோயாளிக்கு மட்டும் என்பதுதான், கணவன் கேட்டாலும் மனைவி கேட்டாலும் போலீஸ் கேட்டாலும், அதற்காக ஒரு தடவை லிஃப்டில் நோயாளி ஒருவரின் பெயரை உரக்கச் சொன்ன ஒருத்தியின்மேல் அவனே புகார் எழுதியிருக்கிறான், அவள் கிறிஸ்துமஸ் வரை அவனோடு பேசவில்லை. இப்போது கால் மணி நேரமாகத் தெரிந்த, தெரிந்த என்பதே பெரிய வார்த்தை, இடையில் ஒரு காலி நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த ஒரு பெண்பிள்ளை அவனுக்கு முன்னால் அவனைப் பற்றித் தெரிந்துகொள்ளப் போகிறாள். இதில் என்ன வெட்கம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, அடுத்தவர் முன்னால் ஆடை கழற்றுவது போல என்றும் இல்லை, அடுத்தவர் நம் ஆடையைப் போட்டுக்கொண்டு போவது போல. ஆனால் மணி பதினொன்றரை. வெள்ளிக்கிழமை வரை என்றால் மூன்று ராத்திரி. மூன்று ராத்திரியை நினைத்த மாத்திரத்தில் அவன் கால் பூங்காவனத்துக்குப் பின்னால் நடக்க ஆரம்பித்திருந்தது.

சிஸ்டர் இருவரையும் பார்த்தாள். அவன் தோளில் மடிக்கணினிப் பை, காலில் மழைக்கு நனையாத செருப்பு. அவள் கோட்டின் பையிலிருந்து துடைப்பக் குச்சி ஒன்று எட்டிப் பார்த்தது. இவ்வளவு நேரம் எங்கம்மா இருந்தே என்று சிஸ்டர் கேட்டாள். உறவு என்கிற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

“அக்கா,” என்றாள் பூங்காவனம். பேனா நகரவில்லை என்று கண்டு, “எங்கப்பாருக்கு ரெண்டு சம்சாரம் சிஸ்டர். இவன் பெரிய வூடு, நான் சின்ன வூடு.”

நாற்பது வருஷம் நெற்றி நிறையத் திருநீறு பூசி, பிள்ளைக்குத் திருஞானசம்பந்தம் என்றும் பெண்ணுக்கு மங்கையர்க்கரசி என்றும் பெயர் வைத்து, வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் ஆசிரியைகள் எதிரே வந்தால் சுவரோரமாக ஒதுங்கி நடந்த அவன் அப்பா ஒரே வாக்கியத்தில் ஒழிந்தார். சிஸ்டருக்கு எல்லாம் தெரியும் என்பது அவள் உதட்டைக் கடித்துக்கொண்டதிலேயே தெரிந்தது, ஆனால் அவளுக்குத் தேவை கட்டத்தில் ஒரு வார்த்தை, அது கிடைத்துவிட்டது, எழுதினாள். அவன் உள்ளே போகக் காலை எடுத்து வைத்தபோது கையை நீட்டித் தடுத்தாள். உட்கார்ந்து பேச வேண்டியது என்றால் முதலில் கூட வந்தவர்களிடம் பேசிவிட்டு அப்புறம் பேஷன்ட்டைக் கூப்பிடுவார்களாம், அதுதான் டாக்டரம்மாவின் வழக்கம். பூங்காவனம் ஃபிளாஸ்க்கையும் ஒரு கட்டைப் பையையும் அவன் கையில் திணித்துவிட்டு, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, அரைக்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள், அவனுடைய ஃபைல் அவளுக்கு முன்னால் போயிற்று.

ஆக இதுதான் நடந்தது. தெரிந்துகொள்வதற்காக வந்தவன் பை காத்துக்கொண்டிருந்தான், பையில் ஒரு எவர்சில்வர் டம்ளர், துவைத்த கைலி, அரைச் சீப்பு வாழைப்பழம். கோபம் யார் மேல் என்று தேடிப் பார்த்தான், சிஸ்டர்மேல் வைத்தால் அவள் அடுத்தவர் பற்களுக்குப் பயப்படுகிறவள், டாக்டரம்மாமேல் வைத்தால் ஒரு நாளைக்கு நூற்றைம்பது பேரைப் பார்க்கிறவள், கட்டடத்தின்மேல் வைத்தால் அது தன்னால் முடிந்தவரை நிற்கிறது, எதன்மேல் வைத்தாலும் வழுக்கிக்கொண்டு வந்து அவன் மடியிலேயே விழுந்தது, ஃபிளாஸ்க்கோடு. சுவருக்கு அந்தப் பக்கம் யந்திரம் சட்டென்று நின்றது. இவ்வளவு நேரம் நிற்க வேண்டும் நிற்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவனுக்கு, நின்றதும் காதுக்குள் ஒரு பள்ளம் விழுந்தது, இப்போது பார்த்து எதற்கு நிற்கிறது, நின்றால் உள்ளே பேசுவது கேட்கும், கேட்டது, வார்த்தை இல்லை, தொனி மட்டும், டாக்டரம்மாவின் மெல்லிய குரல் நீளமாக, அப்புறம் பூங்காவனம் குறுக்கே எதையோ கேட்கிறாள், அப்புறம் மௌனம், அப்புறம் டாக்டரம்மா மறுபடி நீளமாக. ஒன்றுமில்லை என்பதைச் சொல்ல இவ்வளவு நீளம் வேண்டியதில்லை. எச்சிலை விழுங்கிப் பார்த்தான், கட்டி ஏறி இறங்கியது, அவனுடையதாகவே, சாதுவாக.

பூங்காவனம் வெளியே வந்தாள். அவன் எழுந்து நின்றான். அவள் அவனைப் பார்க்காமல் நேரே வந்து ஃபிளாஸ்க்கை வாங்கினாள், மூடியைத் திருகித் திறந்தாள்.

“ஒண்ணுமில்ல சார்,” என்றாள். “இந்தா, டீ குடி.”

டீ ஊற்றுகிற அவள் கையைப் பார்த்தபோது அவனுக்கு வேறொரு கை தெரிந்தது, தன்னுடைய கை, போன வருஷம் வேறொரு ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குச் சாத்துக்குடி பிழிந்துகொண்டிருந்த கை. அவனிடம்தான் சொன்னார்கள், அம்மாவிடம் சொல்லவில்லை, அவன் தாழ்வாரத்தின் கோடியில் போய் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு வந்து, ஒண்ணுமில்லம்மா என்று சொல்லிவிட்டுப் பழத்தை எடுத்துப் பிழிந்தான். கொட்டையை எடு, கசக்கும் என்றாள் அம்மா, வேறு எதுவும் கேட்கவில்லை, கடைசிவரை கேட்கவில்லை. அவள் நம்பிவிட்டாள் என்று அவன் எவ்வளவு நிம்மதியாக இருந்தான். இந்த நாட்டில் ஒண்ணுமில்ல என்கிற வார்த்தைக்கு இரண்டு அர்த்தம், லாரி டிரைவர் வாசலில் நின்று சொன்னது ஒன்று, கூட வந்தவர்கள் கையில் எதையாவது வைத்துக்கொண்டு சொல்வது ஒன்று, ஆஸ்பத்திரிக்குப் போன எவனுக்கும் வித்தியாசம் தெரியும், அம்மாவுக்குத் தெரியாமல் இருந்திருக்குமா. அவனுக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு ஒரு எரிச்சல் வந்தது, காலையிலிருந்து வந்ததெல்லாம் சில்லறை, இதுதான் எரிச்சல்: ஆள் இல்லாததால் சொல்லவில்லை, ஆள் கிடைத்ததும் ஆளும் சொல்லவில்லை. டீயை வாங்கவில்லை.

“நான் தெரிஞ்சுக்கறதுக்குத்தானே உங்களை அனுப்பினேன்,” என்றான். குரல் உடைந்து உயர்ந்தது, வரிசையில் இரண்டு பேர் திரும்பினார்கள். “எனக்கு வேற யாரும் இல்லை. நீங்களும் இப்படிச் சொன்னா நான் யாரைக் கேக்கறது?”

டம்ளரைப் பிடித்தபடி அவள் நாற்காலி இல்லாத நடு இடத்தில், அந்த இரண்டு போல்ட்டுகளுக்குப் பக்கத்தில், தண்டின்மேல் ஒருக்களித்து உட்கார்ந்தாள், முழங்கால் முழங்காலில் இடிக்கிற கிட்டத்தில்.

“கேன்சர்தான் சார். எச்சில் சுரக்கற எடத்துலன்னு சொல்லிச்சு டாக்டரம்மா. ஆரம்பந்தானாம், எடுத்துரலாமாம். நான் வுடல. ஆரம்பந்தான்னு எல்லார்கிட்டயும் இதையேதான் சொல்லுவியாம்மான்னு கேட்டேன். அதுக்கு மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு. இல்லம்மா, எல்லார்கிட்டயும் சொல்ல முடியாது, உங்க தம்பிக்குச் சொல்லலாம்னு சொல்லிச்சு.”

உங்க தம்பிக்கு. அந்த மெல்லிய குரல் இதைத்தான் நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்ததா. அவன் கேட்டிருக்க மாட்டான் அந்தக் கேள்வியை. உள்ளே அவன் உட்கார்ந்திருந்தால் இங்கிலீஷில் நாலு வார்த்தை சேர்த்து, எந்தக் கட்டம், எத்தனை சதவீதம், என்ன வகை என்று படித்தவன் கேள்வியாகக் கேட்டுக் குறித்துக்கொண்டு வந்திருப்பான், வீட்டுக்குப் போய் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, எல்லோருக்கும் இதையேதான் சொல்வார்களோ என்று மூன்று ராத்திரி புரண்டிருப்பான். டீயை வாங்கிக்கொண்டான், டம்ளர் சுட்டது, புறங்கையில் கொஞ்சம் சிந்தியது, துடைக்கத் தோன்றவில்லை. அப்பா, காது குளிர்ந்த மாதிரி இருக்கிறது, கேன்சர் என்று சொன்னதற்கா காது குளிரும், பைத்தியமா எனக்கு. காலையிலிருந்து எதன்மேலாவது கோபப்பட்டுக்கொண்டே இருந்ததில் பயப்படுவதற்கு நேரமே இருந்திருக்கவில்லை, இப்போது வந்தது, சரி வரட்டும்.

டாக்டரம்மா தியேட்டருக்குப் போகிற வழியில் அவனைக் கூப்பிட்டு, கழுத்தை ஒரு தடவை தொட்டுப் பார்த்து, அக்கா சொன்னாங்களா என்று கேட்டார், அவன் தலையாட்டினான், எத்திராஜின் சீட்டிலும் நின்றபடியே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன் எடுக்க வேண்டும், அதற்குத் தேதி சிஸ்டர் கொடுப்பாள். சிஸ்டர் நோட்டைப் புரட்டி, அடுத்த மாசம் ஏழாம் தேதிதான் காலி இருக்கிறது என்றாள். சம்பந்தம் சரி என்று சீட்டை நீட்டினான். பதினெட்டு வருஷம் அவனும் இப்படித்தான் நோட்டைப் பார்த்துத் தேதி சொன்னான், நோட்டோடு யாரும் சண்டை போட முடியாது என்பது அவனுக்குத் தெரியும், காலி என்றால் காலி, இல்லை என்றால் இல்லை. அவன் கையிலிருந்து சீட்டு போய்விட்டது. நீ போய் குந்து சார் என்றாள் பூங்காவனம்.

உட்கார்ந்தான். மேசைக்கு முன்னால் அரக்குக் கோட்டின் முதுகு மட்டும் தெரிந்தது, யந்திரம் மறுபடி கத்த ஆரம்பித்திருந்தது, அதற்கு மேலாக அவள் குரல் கேட்டது. ஏழாந்தேதி வரிக்கும் கட்டி உன் நோட்டப் பாத்துக்கினு சும்மா இருக்குமா. உன் கூடப் பொறந்தவனா இருந்தா ஏழாந்தேதி எழுதுவியா. மெஷின் கிட்ட இருக்கற ஆளுக்கு ஒரு போன் போடேன், உன் வெரல் தேஞ்சா பூடும். நான் எத்திராஜக் கூட்டிக்கினு போமாட்டேன், இங்கயேதான் படுப்பேன், அந்தாளு கெடந்தா கெடக்கறாரு. சிஸ்டர் ஏதோ கத்தினாள், பூங்காவனம் ஏதோ கத்தினாள், வரிசையிலிருந்து ஒரு பெரியவர் பாவம் பாத்துப் போட்டுக் குடும்மா என்றார், அவரை இருவருமே சேர்ந்து அடக்கினார்கள். இதையெல்லாம் அவனுக்காக இன்னொருத்தர் பார்த்துக்கொண்டதால் அவனுக்குச் செய்வதற்கு எதுவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டான். மூடிய கண்ணுக்குள் பயம் அப்படியே இருந்தது, போகவில்லை, ஆனால் அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்திருக்க வேண்டியிருக்கவில்லை. யாரோ தோளைத் தட்டினார்கள். பூங்காவனம் நின்றுகொண்டிருந்தாள், மூச்சு வாங்கியது, கோட்டின் ஒரு பட்டன் பிய்ந்திருந்தது, சீட்டை அவன் சட்டைப் பையில் செருகினாள்.

“வியாயக்கெழம, நாளன்னிக்கே. எட்டு மணிக்கு இங்க இருக்கணும். ராத்திரிக்கு அப்பறம் ஒண்ணும் துன்னக் கூடாதாம், வெறும் வயித்துல வரணுமாம்,” என்றாள். கட்டைப் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள், ஃபிளாஸ்க்கை ஆட்டிப் பார்த்துவிட்டு மூடியைத் திருகினாள், ஆண்கள் வார்டுப் பக்கம் இரண்டடி போய்விட்டுத் திரும்பினாள்.

“நான் துன்னுட்டுத்தான் வருவேன்.”